ஊற்றிக் கொடுத்த தண்ணீர்

1

இந்தக் கதை கேட்டு வாங்கியது. சிறுவர் பத்திரிகை ஒன்றிலிருந்து பேசினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சமத்துவம் சொல்லித்தர வேண்டும், ‘எல்லோரும் சமம்’ என்று முடிய வேண்டும், சாதி என்ற வார்த்தை மட்டும் வேண்டாம் என்றார்கள். முயல், ஆமை என்று எழுதினால் யார் மனமும் நோகாதாம். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: கோபுர நிழலில், தறிச் சத்தம் தாலாட்டும் தெருவில்… (வேண்டாம். காஞ்சிபுரம் என்றாலே கை இப்படித்தான் போகிறது.)

தொடக்கம் இரண்டு: பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் எஸ்தர் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறாள். ‘எல்லோரும் சமம்’ என்று ஒரு பாட்டை அவளே கட்டி, பிள்ளைகளை ஆடவும் பழக்கியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. அன்று பாட்டோடு விடாமல், பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றாள்.

தேவிப்ரியா டம்ளரை நிரப்பிக்கொண்டு திரிஷாவிடம் போனாள். கொடுக்கவில்லை. உயரத் தூக்கிப் பிடித்தாள்.

“கையேந்துடி, ஊத்தறேன்.”

எஸ்தர் சட்டென்று அருகே போனாள். இப்படி ஊற்றிய தண்ணீரைக் குடித்தவர்கள் அவள் குடும்பத்திலும் உண்டு.

3

தேவிப்ரியாவைத் திமிர் பிடித்த பிள்ளையாக்கப் பார்த்தேன். [‘முகத்தைச் சுளித்தாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன்.] முடியவில்லை. சிந்தாமல் ஊற்ற வேண்டுமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், பாவம்.

“டம்ளரையே கையில குடு கண்ணு.”

எஸ்தர் சொன்னதும் நீட்டிவிட்டாள். திரிஷாதான் வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

“இப்படித்தான் மிஸ் குடிக்கணும். எங்கம்மா இவங்க வூட்டுல இப்படித்தான் குடிக்குது.”

(அடிக்குறிப்பு: திரிஷாவின் அம்மா அம்சா, தேவிப்ரியா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். லீவு நாளில் மகளையும் கூட்டிப்போவாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன. எஸ்தர் தாமதமாக வந்த டீச்சர்.)

4

தேவிப்ரியாவின் அம்மா மணியம்மாளிடம் நேரில் கேட்டுவிடுவது என்று எஸ்தர் இருந்தாள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்த அம்சா, அதைக் கேட்டதும் பதறிப்போனாள்.

“வேணாம் மிஸ். நீங்க பேசிட்டு வந்துடுவீங்க. நாளைக்கு அந்த வாசல்ல போய் நிக்கறது நானு. ஊத்துனா குடிச்சிட்டுப் போறேன், தண்ணிதான? வேலை போச்சின்னா என்னமா பண்ணுவேன்?”

“திரிஷாவும் பாத்துக் கத்துக்கினு இருக்குதேக்கா.”

அம்சா மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவு அ: மணியம்மாள் மனம் திருந்தி, கண்ணீர் மல்க… (பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: எஸ்தர் போய்ப் பேசுகிறாள். அம்சாவை நிறுத்திவிட்டு வேறொருத்தியை வைக்கிறார்கள். அவளுக்கும் ஊற்றுகிறார்கள்.

முடிவு இ: எஸ்தர் வாயை மூடிக்கொள்கிறாள். பாட்டு மட்டும் தினமும்…

மூன்றையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையோடு நிறுத்திக்கொள்கிறேன். திரிஷா கையேந்திக் குந்தியிருக்கிறாள். பிள்ளைக்கு நிஜமாகவே தாகம். தேவிப்ரியா டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள்.

“மிஸ், ஊத்தட்டுமா?”

எஸ்தர் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். செய்துவிட்டு, அம்சாவிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.