கருப்பட்டிக் காரை

ஓவர்சியர் தாணுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் விரித்தார். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சுவர் நாலும் எழும்பிவிட்டன, மேலே வானம்தான் கூரை. அடுக்கிவைத்த தேக்குச் சட்டங்களின் பக்கத்தில் தலைமைக் கொத்தனார் ஞானையா நின்றார். மட்டப்பா, அதாவது தட்டைக் கூரை, அடித்து இறுக்க வந்த பன்னிரண்டு பெண்கள் உடைமர நிழலில் வேலை தொடங்கும் என்று காத்திருந்தார்கள்.

"வாரும் மரைக்காரே, கையப் போடும்" என்றார் தாணுலிங்கம்.

துண்டுக்கு அடியில் கை போடுவது எங்கள் வீட்டில் நடை பழகுவதற்கு முன்பே பழகும் விஷயம். வாப்பா மூஸா நெய்னா தூத்துக்குடியில் முத்து வாங்கி விற்றவர். சுற்றிப் பத்துப் பேர் நிற்க, வாய் மழையைப் பற்றியும் மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றியும் பேசும். துண்டுக்குள்ளே விரல் விரலைப் பிடித்து விலை பேசும். முத்துக்குளிப்பு நின்றுபோனதும் நான் சிப்பியை விட்டுச் செங்கலுக்கு வந்தேன். சர்க்கார் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டுவது கௌரவமான தொழில், இனி இந்தக் கள்ளவிரல் பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய அப்பாவி நான் என்பது ஜில்லா போர்டு ஆபீஸ் படி ஏறிய முதல் நாளே தெரிந்துவிட்டது. அங்கே முத்து மட்டும்தான் இல்லை.

கையை உள்ளே விட்டேன். அவர் என் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். நூற்றுக்கு இருபது. வழக்கம் பத்து. கேள்வியாகப் பார்த்தேன்.

"சண்டை முடிஞ்சும் சிமெண்டு கண்ட்ரோல் முடியலையே" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். "பெர்மிட்டு என் பையிலதான் இருக்கு. எஸ்டிமேட்டுல கூரைக்குச் சிமெண்டுன்னு போட்டிருக்கு. சிமெண்டு இல்லாமக் கூரை ஏறுமா? மழை வேற வருது."

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. போன வருஷம் வேறொரு ஊரில் இதே மனிதருக்குப் பத்து கொடுத்தேன். கொடுத்ததைச் சுண்ணாம்பில் குறைத்தேன். கார்த்திகை மழையில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் சரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. மழைக்கு ஒதுங்கிய ஏழு ஆடுகள் செத்தன. ஆட்டுக்காரனிடம் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்த நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். அந்த இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்க்காதே ஹாமிது என்று மனசு சொன்னது. வியாபாரி மகன், எண்ணிவிட்டேன்.

இரண்டு விரலை அழுத்திய ஓவர்சியர் பதிலுக்குக் காத்திருந்தார். என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் ஞானையாவின் சட்டி இருந்தது, அப்போதுதான் அரைத்த சுண்ணாம்புக் காரையோடு. ஒரு கை அள்ளினேன். துண்டுக்கு அடியில் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிக் கொடுத்தேன்.

அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமே! துண்டை எடுத்தால் ஊரே பார்க்கும். எடுக்காவிட்டால் சுண்ணாம்பு அரிக்கும். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசிப் பார்த்தார். கடைசியில் கையை உதறியபோது உடைமர நிழலில் சிரிப்பு வெடித்தது.

"ஏளா, ஓவர்சியர் ஐயா கொத்து வேலைக்கு வந்துட்டாவ!" என்றாள் சங்கரம்மாள், அந்தப் பெண்களின் தலைவி. "கூலி பேசிக்கிட்டியளா ஐயா?"

"மூணு வாரத்துல பெரிய என்ஜினீயரக் கூட்டிட்டு வாரேன்" என்றார் அவர், கையைத் துண்டில் தேய்த்தபடி. "இடிக்கச் சொல்லுதேன் பாரும். கட்டின டெப்பாசிட்டும் போச்சு. இனி எந்தப் போர்டுலயும் உமக்கு ஒரு குடிசைகூடக் கிடைக்காது."

சைக்கிள் போய் மறைந்ததும் ஞானையாவிடம் கேட்டேன், சிமெண்டு இல்லாமல் கூரை நிற்குமா என்று.

"எங்க அப்பா காலத்துல சிமெண்டு எங்கன இருந்துது மொதலாளி? மணப்பாட்டுக் கோயிலு சிமெண்டுலயா நிக்கி? சுண்ணாம்பு, கடுக்கா, கருப்பட்டி. அடிக்க ஆளு இருந்தாப் போதும்."

கருப்பட்டி வாங்க உடன்குடிக்கு வண்டி அனுப்பினேன். கடைக்கார அண்ணாச்சி, பள்ளிக்கூடம் கட்டுறியளா, பலகாரம் சுடுறியளா என்று கேட்டுக்கொண்டே விலையில் அரையணா ஏற்றினார். ஏற்றட்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குந்தி, கட்டையால் காரையை அடித்தார்கள். டக் டக்கென்று அந்தச் சத்தம் ஒன்பது நாள் ஊரைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் எறும்பு சாரைசாரையாகச் சுவரேறியது. நான் பதறினேன். "சரக்கு நல்ல சரக்குன்னு எறும்புக்குத் தெரியுது, ஓவர்சியருக்குத் தெரியல" என்று சங்கரம்மாள் அதுகளின் தலைமேலேயே அடித்துக்கொண்டு போனாள்.

சொன்னபடி மூன்றாவது வாரம் ஜீப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் காலையிலேயே நாங்கள் கூரையைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டி, கிணற்றுத் தண்ணீரை முழங்கால் உயரத்துக்கு நிரப்பிவிட்டோம். என்ஜினீயர் தொப்பியோடு இறங்கினார். அதிகம் பேசாத மனிதர்.

"சிமெண்ட் எங்கே?"

"ஓவர்சியர் ஐயா பையில இருக்கு சார். பெர்மிட்டா இருக்கு."

என்ஜினீயர் திரும்பிப் பார்த்தார். தாணுலிங்கம் இருமினார். "எஸ்டிமேட்டுல இல்லாத வேலை சார். கருப்பட்டியக் கரைச்சு ஊத்தியிருக்கான். உள்ள போகாதீய, தலையில விழும்."

"நேத்துக் காலையிலருந்து மேல முழங்கால் தண்ணி நிக்கி சார்" என்றேன்.

"ஒழுகினா?" என்று என்னிடம் கேட்டார் என்ஜினீயர்.

"இடிச்சிருங்க சார். கடப்பாரை நானே தாரேன். ஒழுகாட்டி, என்ன எழுதணுமோ அத என் கண் முன்னால இங்கனயே எழுதணும். ஆபீசுக்கு வந்து வாங்கிக்கிடுன்னு சொல்லக் கூடாது."

நான் வாத்தியாருக்கு என்று வாங்கிவைத்த நாற்காலியைத் தூக்கிப் போய் அறையின் நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. ஒரு சொட்டு விழுந்தாலும் ஊருக்கே தெரியும்.

"ஞானையா, என்ஜினீயர் ஐயாவுக்கும் ஒரு நாற்காலி கொண்டாரும்."

மேலேயிருந்து சங்கரம்மாளின் குரல் கேட்டது. "இன்னும் பத்துக் குடம் இருக்கு மொதலாளி. ஊத்தவா?"

"ஊத்து!"

குடம் குடமாகத் தண்ணீர் விழும் சத்தம் தலைக்கு மேல் உருண்டது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு சட்டங்களுக்கு நடுவே, என் நெற்றிக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு நிறம் மாறிய இடம். கொத்தனார் கரணை இழுத்த தடமா, ஈரமா? காலையில் அது இருந்ததா? கண்ணை எடுக்காமல், நாற்காலியை ஓர் அங்குலமும் நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய பூட்ஸ் ஒன்று நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது.