கூடவே பொறுத்தவர்

எனக்குத் தெரிந்த சிங்களம் இரண்டே சொல். பொட்டக் இன்ன. கொஞ்சம் பொறு என்று அர்த்தம். சோதனைச் சாவடியில் அதைத்தான் சொன்னார்கள். முகாமில் தண்ணீர் வரிசையில் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பப் பதியப் போன கந்தோரிலும் அதுதான். சொன்னவர்களில் ஒருவராவது திரும்பி வந்து பார்த்ததில்லை. அதைக் கேட்டாலே எரிந்து விழுகிறவளாகிவிட்டேன்.

அப்படிப்பட்டவளிடம், நெஞ்சுக்குள் குழாய் கிழிந்து கிடக்கும்போது, ஒரு டொக்டர் வந்து அதையே சொன்னால் எப்படி இருக்கும்?

எங்கள் ஊர் வங்காலைக்குத் திரும்பி இரண்டாம் வருஷம். வீட்டுத்திட்ட வீட்டுக்கு நானே கல் சுமந்தேன். வயது நாற்பத்தொன்று, தலையிடி என்றுகூட ஒருநாளும் படுத்தவளில்லை. கல்லைத் தூக்கி நிமிர்ந்தபோது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடக்கை விறைத்தது. என் மனுசன் கிறிஸ்ரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தார். முருங்கன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த கையோடு, தூரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்சில் ஏற்றினார்கள். அங்கே மணிக்கட்டு வழியாக வயர் விட்டு இருதயத்தைப் படம் எடுத்தார்கள்.

டொக்டர் சொன்னதைத் தாதி வசந்தமலர் தமிழில் சொன்னாள்.

“அக்கா, இருதயத்துக்கு ரத்தம் போற குழாயின்ர உள்தோல் தானாக் கிழிஞ்சிருக்கு. கொழுப்பு அடைப்பு இல்லை. ஸ்டென்ட் வைக்கப் போனா கிழிசல் இன்னும் நீளலாம். இப்ப ரத்தம் ஓடுது, நோவும் இல்லை. சும்மா விட்டா கனபேருக்குத் தானா ஒட்டும். குளிசையும் ஓய்வும்தான்.”

டொக்டர் என் தோளைத் தொட்டார். “அம்மா, பொட்டக் இன்ன.”

“ஒண்டும் செய்யாம விடுறதோ வைத்தியம்? அகதியள் எண்டபடியாலோ?” என்று கத்தினேன். வசந்தமலர் அதை மொழிபெயர்க்கவில்லை. என் முகமே போதும், அவருக்கு விளங்கியிருக்கும்.

கிறிஸ்ரிக்கும் பொறுக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உடனே ஸ்டென்ட் வைப்பார்களாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் காலை, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைக்கும் கடுதாசியோடு வந்தார்.

“வெளிக்கிடு எடித். வெளியில வான் நிக்குது.”

பேனையை வாங்கினேன். அப்போதுதான் அந்த நோவு திரும்பவும் ஏறியது. மாதாவே என்று கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

அன்று பௌர்ணமிப் போயா, டொக்டருக்கு லீவு. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார். விகாரைக்குப் போன வெள்ளை உடுப்பு, காலில் ரப்பர் செருப்பு. ஈசிஜியைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து என் கட்டிலோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஈசிஜி மாறேல்லை அக்கா,” என்றாள் வசந்தமலர். “மாறினா உடன ஸ்டென்ட், அதுவும் சரிவராட்டி பைபாஸ். ரெண்டுக்கும் ஆக்களைக் கூப்பிட்டு வச்சிருக்கிறார். மாறாட்டி தொடமாட்டாராம்.”

இரண்டரை மணித்தியாலம். மூன்று தரம் ஈசிஜி எடுத்தார். வசந்தமலர் கொண்டுவந்த தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போனது. அவர் கண் மெசினை விட்டால் என் முகம், என் முகத்தை விட்டால் மெசின். பொறு என்று சொல்லிவிட்டுக் கூடவே இருந்து பொறுத்த ஒரு மனிதரை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன். இவரையா திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் நோவு வடிந்தது. கிறிஸ்ரி கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வானை அனுப்பப் போனார். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. வீட்டுக்குக் கூரையும் போட்டாயிற்று. மிச்சக் கல்லை ஊரே சுமந்தது, என்னை ஒன்றிலும் கைவைக்க விடவில்லை.

ஆனால் அந்த மத்தியானம் இதொன்றும் எனக்குத் தெரியாது. டொக்டர் எழும்பிக் கதிரையை ஓரமாகத் தள்ளினார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. நன்றி சொல்லவும் வேண்டும், அதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று தெரியாது. அவருடைய கையைப் பிடித்தேன்.

“டொக்டர், பொட்டக் இன்ன.”

அவர் கதிரையைத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.