நாற்பது மீட்டர் அகலக் கோடு

நிலநடுக்கம் வந்து இரண்டு நாள் ஆகப் போகிறது. உதவிக்கு வந்த நாடுகளின் காலைக் கூட்டத்தில், யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசை நட்பு நாடுகளுக்கு, இரண்டாவது வரிசை கூட்டாளி நாடுகளுக்கு. இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம் என்று நகராட்சி வரைவாளர் நேற்றே கேட்டுப் பார்த்தாள். நட்பு நாட்டோடு ஒப்பந்தம் உண்டாம், கூட்டாளி நாட்டோடு புரிந்துணர்வு மட்டும்தானாம். இடிபாட்டுக்கு அடியில் கிடப்பவனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேலம்மா என்று பெயர். எதைக் கேட்டாலும் அளந்து பார்க்காமல் பதில் சொல்ல மாட்டாள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரின் வரைபடம் அவள் கையில்தான் இருக்கிறது. எந்தச் சாக்கடை எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதனால்தான் அவளையும் அவள் வரைபடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து இந்த உள்விளையாட்டு அரங்கத்தில், இறகுப்பந்து ஆடும் தரையில் நிறுத்தியிருந்தார்கள்.

நேற்றுக் காலை ஊரை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டதும் அவள்தான். கிழக்கே நட்பு நாட்டின் மஞ்சள் ஹெல்மெட் அணி, மேற்கே கூட்டாளி நாட்டின் நீல ஹெல்மெட் அணி. தெருவை ஒட்டியே பிரிக்கலாம் என்று அவள் சொன்னாள். தெருவே இடிபாட்டுக்குள் கிடக்கிறது, வெளியூர்க்காரனுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று அணிகளுக்கெல்லாம் பொறுப்பான வெளிநாட்டு ஒருங்கிணைப்பாளர் கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆகவே இடியாமல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரயில் நிலையத்துக் கம்பம் வரை நேர்கோடு ஒன்று. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும், தடிமனாகப் போடுங்கள் என்றார். போட்டாள். வரைபடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளின்மேல், பெரிய மார்க்கரால், சிவப்பில். எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாற்காலிப் பிரச்சினை தீர்ந்து ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமியபோது அவள் போன் அடித்தது.

"மேடம், நான் எலக்ட்ரீசியன். இப்பத்தான் டவர் கெடைச்சுது. உங்கக்கா வீட்டுக்குக் கீழ்வீடு. கண்டக்டரம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க."

"அவ வெளியூர் பஸ்ல போயிருக்காளே."

"டூட்டி மாத்திக்கிட்டாங்க மேடம். உசுரோடதான் இருக்காங்க, விசில் ஊதுறாங்க. நாங்க ஆறு பேர் கையால தோண்டிக்கிட்டு இருக்கோம். மேல கெடக்குற ஸ்லாப் அசைய மாட்டேங்குது. அறுக்குற மெஷின் வேணும்."

அக்கா பத்திரமாக எங்கோ ஒரு பணிமனையில் உட்கார்ந்திருக்கிறாள், டவர் இல்லாததால்தான் போன் வரவில்லை என்று நம்பியல்லவா இரண்டு நாள் வேலை பார்த்தாள்.

"பக்கத்துல அந்த வெளிநாட்டுக்காரங்க இல்லையா?"

"ஏன் இல்ல? கிழக்கால ரெண்டு வீடு தள்ளி மஞ்சள் ஹெல்மெட். போய்க் கேட்டேன். போன்ல மேப்பைக் காட்டி, இது எங்க பக்கம் இல்லன்னு கையை விரிக்கிறான். மேற்கால ஓடினேன். நீல ஹெல்மெட்டும் அதே மேப்பைக் காட்டுறான்."

"விசில் எப்படி ஊதுறா?"

"ஒத்தை ஒத்தையா ஊதுறாங்க. லாரி போற சத்தம் கேக்கும்போதெல்லாம்."

பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம். ஒற்றை விசில் என்றால் நிறுத்து. இரண்டு நாளாக இருட்டுக்குள் படுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் போகிற ஒவ்வொரு வண்டியையும் அக்கா நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கேலம்மா வரைபடத்தின் அருகே போய், பையிலிருந்த அடிக்கோலை எடுத்துச் சிவப்புக் கோட்டின் குறுக்கே வைத்தாள். நாலு மில்லிமீட்டர். இந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர். மஞ்சள்காரர்கள் கோட்டின் கிழக்கு ஓரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நீலக்காரர்கள் மேற்கு ஓரத்தோடு. நடுவே நாற்பது மீட்டர் அகலத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத ஊர் ஒன்று சிவப்பு மைக்கு அடியில் கிடந்தது. அக்காவின் வீடு அதில் நட்ட நடுவில் இருந்தது.

மொழிபெயர்ப்பாளரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், குரல் அப்படி என்பதால் எல்லாரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். "இவங்ககிட்ட சொல்லுங்க சார். இந்த வீட்டுல ஆள் உசுரோட இருக்கு. இப்பவே மெஷின் போகணும்."

மைக்செட் சொன்னார். மஞ்சள் அணித் தலைவி, நெட்டையான பெண், போனைப் பார்த்துவிட்டு மறுத்துத் தலையசைத்தாள். அவர்கள் எல்லைக்குள் இல்லை. நீல அணியின் கண்ணாடிக்காரத் தலைவரும் போனைப் பார்த்தார். அவர்கள் எல்லைக்குள்ளும் இல்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை, நேற்று மட்டும் பதினாலு பேரை உயிரோடு எடுத்தவர்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம்.

ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார். இதற்கு முன் வேறொரு நாட்டில் ஒரே இடிபாட்டில் இரண்டு அணி இறங்கி, இவர்கள் தூக்கிய சுவர் அவர்கள் தலையில் சரிந்ததாம். அதிலிருந்து இதுதான் விதி: அடுத்தவர் எல்லைக்குள் போக வேண்டுமானால் அந்த எல்லைக்காரர் எழுதிக் கேட்க வேண்டும். படிவத்தை நீட்டினார். முதல் கட்டத்தில், இடம் யாருடைய எல்லையில் இருக்கிறது என்று கேட்டிருந்தது.

"யாரோட எல்லையும் இல்லன்னு எழுதலாமா?" என்று ஸ்கேலம்மா கேட்டாள்.

அப்படி ஒரு கட்டம் இல்லையாம். ஆனாலும் விஷயம் முக்கியமானது, சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். இதைச் சொல்லும்போது ஒரு சலுகை கொடுத்துவிட்ட முகம் வேறு.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "ஆறு மணியா? சார், அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை குறைக்காதீங்க. நீங்க நிக்கிற இந்தத் தரையில பசங்க பந்தாடுவாங்க. பந்து கோட்டு மேல விழுந்தா உள்ளேன்னுதான் கணக்கு. பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியுது. அரங்கம் நிறைய அதிகாரிங்க உக்காந்திருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியல!"

மைக்செட் என்ன சொன்னாரோ, ஒருங்கிணைப்பாளர் வருத்தமாகச் சிரித்து, அவளுடைய உணர்வை மதிப்பதாகச் சொன்னார். மதிப்பை வைத்து ஸ்லாப்பை அறுக்க முடியுமா?

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. முதலுதவி மேஜையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். அத்தனை நாட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க, வரைபடத்தின் மேலிருந்த சிவப்புக் கோட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்தாள். அடியிலிருந்து அக்காவின் தெரு வெளியே வந்தது. மெல்லிய பேனாவை எடுத்து, வீட்டுக்கு மேற்கே வளைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டாள். வீடு கிழக்கே விழுந்தது. மூலையில் "பதிப்பு 2" என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டாள். இந்தச் சனங்கள் எதற்குக் கட்டுப்படுவார்கள் என்பது ஒரே நாளில் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

நீல அணித் தலைவர் ஏதோ கேட்டார். "இது எப்ப ஒப்புதல் ஆச்சுன்னு கேக்குறார்," என்றார் மைக்செட், குரலை முடிந்தவரை தாழ்த்தி.

"இப்பத்தான்னு சொல்லுங்க."

மைக்செட் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி, இரண்டு நிமிடம் கணீரென்று பேசினார். "நகராட்சி நில அளவைப் பிரிவு, உள்ளூர் நிர்வாகத்தோட கலந்து, திருத்தி வெளியிட்ட எல்லைன்னு சொல்லிட்டேன்," என்று அவளிடம் முணுமுணுத்தார். "வேலை போனா ரெண்டு பேருக்கும் சேந்து போகட்டும்."

ஒருங்கிணைப்பாளர் பதிப்பு எண்ணையும் தேதியையும் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்து வைத்தார். மஞ்சள் அணித் தலைவி எழுந்து வந்தாள். பதிப்பு இரண்டைப் படம் பிடித்தாள். வயர்லெஸ்ஸில் நாலு வார்த்தை பேசினாள். அவ்வளவுதான். ஏழு நிமிடத்தில் வண்டி வாசலில் நின்றது. உயிரோடு ஒரு மனுஷி கிடக்கிறாள் என்று தொண்டை கிழியச் சொன்னபோது நகராதவர்கள், அரை அங்குலப் பேனாக் கோட்டுக்கு ஓடினார்கள். நன்றி சொல்வதா, கல்லை எடுத்து எறிவதா என்று தெரியாமல் அவள் வண்டியில் ஏறினாள்.

தொட்டியைத் தாண்டியதும் அவள் கண்ணில் அது பட்டது. தேடி முடித்த வீடுகளில் எல்லாம் சுவரில் பெயின்ட் அடையாளம் இருந்தது, கிழக்கே மஞ்சள், மேற்கே நீலம். நடுவில் சில வீடுகளில் மட்டும் ஒன்றுமே இல்லை. இடிந்து, வாயைப் பிளந்து, சுத்தமாகக் கிடந்தன. அவள் எண்ண ஆரம்பித்தாள். அக்கா வீட்டைச் சேர்க்காமல் பதினொன்று. துடைத்ததே துடைத்தாள், கோடு முழுவதையும் துடைத்திருக்கலாம். பஞ்சு கையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு ஊரில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

வண்டியை நிறுத்தித் திரும்பலாமா என்று நினைத்தாள். அக்கா வெளியே வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். இரண்டாவதுதான் நடந்தது.

எலக்ட்ரீசியனும் ஆட்களும் விலகி வழிவிட்டார்கள். அவர் விரல்களில் நகம் பாதி இல்லை. மஞ்சள் அணி வேலையில் இறங்கிய லாவகத்தைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. முட்டுக் கொடுத்தார்கள், கேமராவை நுழைத்துப் பார்த்தார்கள், ஸ்லாப்பை ரொட்டி மாதிரி அறுத்தார்கள். இவ்வளவு கெட்டிக்காரர்கள் நேற்று முழுக்க ரெண்டு வீடு தள்ளி நின்றிருக்கிறார்கள். மைக்செட்டுக்கு ஒரு போன் போட்டு மற்ற பதினொன்றையும் சொல்லியிருக்கலாம். கையில் போனைப் பிடித்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவை வெளியே எடுத்தபோது முடி முழுக்கச் சிமென்ட் வெள்ளை. இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. காக்கிச் சட்டையின் பித்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டபடியே இருந்தன. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததும் தங்கை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தண்ணீர் குடித்தாள். இரண்டு முறை இருமினாள். குரல் கரகரவென்று வந்தது.

"ரெண்டு பக்கமும் வண்டி போச்சுடி. ஊதி ஊதி வாய் புண்ணாப்போச்சு. ஒருத்தனும் நிக்கல. ஏன்?"

பழி சொல்ல ஒரு பட்டியல் அவளிடம் தயாராக இருந்தது. ஒருங்கிணைப்பாளர், படிவம், நெட்டைப் பெண், கண்ணாடிக்காரர், நாற்காலி வரிசை. வாயைத் திறந்தாள்.

"நான் போட்ட கோடுதான்க்கா. ஊரைப் பிரிக்க மேப்புல தடிமனா போட்டுட்டேன். உன் வீடு அதுக்குள்ள வந்துடுச்சு. உள்ள வந்த வீட்டுக்கு ரெண்டு அணியும் போகல."

அக்கா தலையைத் தூக்கித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"என் வீடு மட்டுமா?"

"இல்லக்கா. இன்னும் பதினொண்ணு."

"அங்க ஆள் போயிருக்கா?"

"இன்னும் இல்ல."

அக்கா தன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"அப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு இங்க என்னடி நிக்கிற?"