வெட்டிவேருக்கு அடியில்

முதலாளி எனக்குத் தரவேண்டியது எட்டாயிரத்து நானூறு ரூபாய். பதினான்கு நாள், நாளுக்கு அறுநூறு. அவர் வயலுக்கும் ஓடைக்கும் நடுவே பதினைந்தடி அகலத்துக்கு வெட்டிவேர் நட்ட கூலி. வயலில் கொட்டும் உரமும் மருந்தும் மழைத்தண்ணீரோடு ஓடையில் இறங்காமல் அந்த வேர் பிடித்துக்கொள்ளுமாம். அதற்காக அவருக்கு அரசாங்க மானியம். ஓடை போகிற வழியில் கீழே எங்கள் வீடு. எங்கள் கிணற்றுக்கு ஊற்றே அந்த ஓடைதான். அதனால் கூலி இழுத்தடித்தபோதும் வாயை மூடிக்கொண்டு நட்டேன்.

அடுத்த பெருமழைக்கு என் மனைவி கிணற்றில் ஒரு வாளி இறைத்து என் காலடியில் ஊற்றினாள். பச்சையாக நுரைத்தது.

“நல்லா நட்டீங்க, போங்க. உங்க வேரு தூங்குதா?”

போய்ப் பார்த்தேன். வெட்டிவேர் வரிசைக்குள் தண்ணீர் வந்த தடமே இல்லை. கரைச் சரிவில், புல்லுக்குப் பின்னால், தொடைப் பருமனில் ஒரு பைப்பு. வயல் தண்ணீர் முழுவதும் வேருக்கு அடி வழியாக நேராக ஓடைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்பே யாரோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் தலைமேல் பதினான்கு நாள் முதுகொடிய நட்டிருக்கிறேன்.

உர மூட்டைக் கொட்டகையில் முதலாளி ஒரு தாளை நீட்டினார்.

“வாப்பா. கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கிக்கோ. நாளைக்கு மானிய ஆபீஸ் மேடம் வர்றாங்க.”

நாற்பது வயதுக்குமேல் எழுத்துப் படித்தவன் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன்.

“என்னப்பா, பரீட்சைக்கா படிக்கிறே? கைநாட்டா இருந்தப்ப வேலை சீக்கிரம் முடிஞ்சுது.”

‘இந்தக் கரையில் வடிகால் குழாய் எதுவும் இல்லை. நட்டவன் சாட்சி’ என்றிருந்தது.

“பைப்பு இருக்கே, மொதலாளி.”

“மண்ணுக்குள்ளதானே இருக்கு? தண்ணி வயல்ல நின்னா பயிர் அழுகிடும்யா.”

“எங்க கிணத்துல வந்து நின்னா?”

“புடிக்கலேன்னா தண்ணிய வாங்கிக் குடி. அதுக்குத்தானே கூலி தர்றேன்.”

தாளை மூட்டைமேல் வைத்தேன். சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். வயலோரம் பைப்பு தண்ணீர் குடிக்கிற வாயைத் தேடி, நாலு போடு போட்டு உடைத்தேன். கல்லும் களிமண்ணுமாக அடைத்து மிதித்தேன்.

அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “டேய், அந்தப் பைப்பு என்ன விலை தெரியுமா? உன் கூலியில கழிச்சுடுவேன்!”

“கழிச்சுக்கோங்க. ஒரு பைசா மிச்சம் வைக்காதீங்க.”

தேங்கிய தண்ணீர் போக்கிடம் தேடி, மெதுவாக வெட்டிவேருக்குள் நுழைந்தது. இன்னும் கொஞ்சம் களிமண்ணை அள்ளிப் போட்டு மிதித்தேன். எட்டாயிரத்து நானூறும் அந்த ஓட்டைக்குள் போயிற்று.