கூடத்தின் குறுக்கே ஒரு பலகைச் சுவர்

ஊராட்சி அனுப்பிய வேலையாள் கெரார்ட் கடப்பாரையின் நுனியைப் பலகைச் சந்தில் செருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, ஆரம்பிக்கலாமா? உடையுற சாமான் எதுனா இருந்தா இப்பவே எடுத்துடுங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

லியோகாதியா தலையை மட்டும் ஆட்டினாள். உடைகிற சாமானெல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஊராட்சி வண்டி வரும். நகரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு, குழாயைத் திருகினால் வெந்நீர். மருமகளாக இந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சாவி இப்போது மேலங்கிப் பையில் இருந்தது. சும்மா இருக்கும்போதெல்லாம் கை உள்ளே போய் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

வீடு என்று சொன்னால் போதாதுதான். நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ஜெர்மன் பிரபு தன் கல்யாணத்துக்காகக் கட்டியது. வாசலில் மணற்கல் வளைவு, அதன் மேல் மாப்பிள்ளை வீட்டுச் சின்னமும் பெண் வீட்டுச் சின்னமும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் கரடி, இன்னொன்றில் மீனோ இலையோ, மழை தின்றுவிட்டதால் சொல்ல முடியாது. சுற்றிலும் இருந்த அகழியில் இப்போது காஞ்சொறிச் செடியும் பழைய டயர்களும். உலகப் போர் முடிந்து எல்லை மாறியதும் கடைசி ஜெர்மன் எஜமானி குதிரை வண்டியில் மேற்கே போனாள். கிழக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்களை அரசாங்கம் அறைக்கு ஒன்றாக உள்ளே அனுப்பியது. பெரிய கூடம் மட்டும் ஒரு குடும்பத்துக்கு அதிகம் என்று பட்டதால் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கினார்கள். பிறகு வந்த அரசுப் பண்ணை பரணில் கோதுமையைக் கொட்டியது. அந்தப் பாரத்தில் உத்தரங்கள் வளைந்தன. பண்ணையும் ஒரு நாள் மூடப்பட்டது, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, கூரை ஓட்டின் மேல் பிர்ச் மரங்கள் முளைத்தன. கடைசியில் மிஞ்சியது கூடத்தின் இரண்டு பாதிகள்தான். கிழக்கே லியோகாதியா, மேற்கே அல்பின்.

இந்த மார்ச்சில் ஈரப்பனி கூரையில் உட்கார்ந்தபோது நடு உத்தரம் துப்பாக்கி வெடித்ததுபோன்ற சத்தத்தோடு பிளந்தது. பொறியாளர் பெண் வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தடுப்பை எடுத்துவிட்டு அதே வரிசையில் முட்டு மரங்கள் நிறுத்த வேண்டும், இரண்டு பேரும் நகரத்து வீட்டுக்குப் போய்விடுவது நல்லது என்றாள். லியோகாதியா நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டாள். அல்பின், "நான் பொறந்த இடம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனோடு அவளுக்குச் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. நிலக்கரி வந்துவிட்டதா, தபால்காரர் வந்தாரா, அவ்வளவுதான். அவன் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடிந்ததில்லை. வந்த முதல் வாரமே மாமியார் காதோடு சொல்லியிருந்தாள்: "இங்க தும்மினா அங்க கேக்கும். பார்த்து நடந்துக்கோ." அவள் பார்த்து நடந்துகொண்டாள். புருஷன் மரியான் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் சத்தம் வெளியே வராமல் துண்டைக் கடித்துக்கொண்டாள். மரியான் செத்துப் போன பிறகும் தட்டைச் சத்தமில்லாமல்தான் வைத்தாள். அல்பினுக்கு எல்லாம் தெரியும், கிணற்றடியில் அவன் தொப்பியைத் தொட்டு வணங்கும்போது எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் வணங்குகிறான் என்று நினைத்தே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

முதல் பலகை கிறீச்சிட்டுக் கழன்றது. பின்னால் அல்பினின் பக்கம் தெரியும் என்று அவள் எதிர்பார்த்தாள். தெரியவில்லை. பழைய கம்பளி ஒன்று தொங்கியது. அடுத்த பலகைக்குப் பின்னால் குதிரைப் போர்வை, அதன் மேல் பிரித்துத் தைத்த ராணுவக் கோட்டு, தட்டையாக வெட்டிய கம்பளிப் பூட்ஸ்கள், கிழிந்த தரைவிரிப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக, தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே, நெருக்கமாக ஆணி அடித்திருந்தது.

"அட, இது சுவரா, மெத்தையா!" கெரார்ட் தூசியில் இருமினான். "அண்ணே! குளிருக்கா இவ்வளவும்? இந்தப் பக்கம் அக்காவோட அடுப்புல்ல இருக்கு? குளிர் இங்கேருந்து எப்படி வரும்?"

கம்பளி விழுந்தபோது அல்பின் தன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான், கையில் தொப்பியோடு, யாரோ வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

ஆட்கள் சாப்பிட வெளியே போகும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு சிதறிய ஆணிகளைத் தாண்டி அவன் பாதிக்குள் போனாள். அதுதான் முதல் தடவை.

"எப்போ அடிச்சீங்க இதெல்லாம்?"

"உங்க கை ஒடிஞ்ச வருஷம், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

"தொழுவத்துல வழுக்கி விழுந்தேன்."

"ஆமா," என்றான் அல்பின். "அப்படித்தான் சொன்னாங்க."

அவள் அந்தக் கம்பளிக் குவியலைப் பார்த்தாள். ஒரு பூட்ஸில் இன்னும் குதிகால் வடிவம் இருந்தது. "இத்தனை ஆணி அடிக்கக் கை இருந்துச்சு. கதவைத் தட்ட இல்ல."

"இல்ல." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "மரியானைப் பார்த்தா எனக்குப் பயம். கேட்டுக்கிட்டு சும்மா இருக்க முடியல. கேக்காம சும்மா இருந்துட்டேன்."

அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கூடவே, என்னவென்று தெரியாத வேறொன்றும். எந்தக் காதுக்குப் பயந்து துண்டைக் கடித்தாளோ அந்தக் காது அங்கே இல்லவே இல்லை. மரியான் செத்த மறுநாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டே தன்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்து, வாயைப் பொத்திக்கொண்டு தடுப்பையே பார்த்தபடி நின்றது ஞாபகம் வந்தது. அதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. மோசமான ராத்திரிகளில், 'யாருக்காவது கேட்கும், ஒருத்தனுக்காவது தெரியும்' என்று அவள் மனசுக்குள் பிடித்துக்கொண்ட பிடியும் அதோடு போனது. அவள் திரும்பித் தன் பாதிக்கு நடந்து, அடுப்பில் இருந்த பீட்ரூட் சூப்பைக் கிளறினாள். கரண்டி பானையில் இடித்துச் சத்தமாகக் கேட்டது. அவள் அதை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அல்பின் அலமாரியின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினான். அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலையில், அகழிக் கரையில் அவள் நட்ட சீமை நெல்லிப்புதர் நினைவுக்கு வர, வாளியோடு பஸ் ஏறினாள். வேறு யாராவது பறித்துவிடுவார்களே என்பதுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். புதர் பறிக்காமலே கனத்துப் போய் இருந்தது. கூரையில் நீலத் தார்ப்பாய். வாசல் வளைவில் கரடி இருந்தது. மீனோ இலையோ இருந்த கல்லும் இருந்தது, ஆனால் யாரோ அதைப் பெயர்க்கப் பார்த்து, ஓரத்தில் புதிய வெளிறிய தழும்பு விட்டுப் போயிருந்தார்கள்.

"போன வாரம் ராத்திரி நாய் குரைச்சுது. நான் விளக்கைப் போட்டுட்டு வெளியே வந்தேன்," என்றான் அல்பின். "ரெண்டு பேர். ஒருத்தன் கையில கம்பி. 'யாருடா அது'ன்னு கத்தினேன். ஓடிட்டானுங்க."

"பயமா இல்ல?"

"கால் நடுங்குச்சு." கொஞ்சம் யோசித்து, "அப்படியேதான் போனேன்," என்றான்.

அவள் வாளியை வைத்தாள். அவன் செர்ரி கொதிக்கவைத்த தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். கூடத்தில் முட்டு மரங்கள் தோப்புபோல நின்றன. இரண்டு நாற்காலிகளை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. கூரைக்குப் பணம் அடுத்த வருஷம்தானாம். தனி ஆளை இங்கே வைத்துக் குளிர்காலத்தைக் கடத்த முடியாது, நவம்பரில் பூட்டிவிடுவோம் என்று ஊராட்சியில் சொல்கிறார்களாம்.

"எங்க மாடியில எதிர் வீடு காலியா இருக்கு," என்றாள் லியோகாதியா.

"நானும் போயிட்டா ஒரே குளிர்காலத்துல கல்லைக் கூட விடமாட்டானுங்க."

"நானூறு வருஷமா நம்மளக் கேட்டா நின்னுச்சு?"

"கடைசி அறுபது வருஷம் கேட்டுத்தான்," என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. மேற்கு ஜன்னல்கள் வழியாகச் சாய்ந்த வெயில் முட்டு மரங்களுக்கு நடுவே நீண்டு, பலகைச் சுவர் நின்ற கோட்டைத் தாண்டி, அவளுடைய பழைய பாதிக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே அந்த வேளையில் அவள் எப்போதும் விளக்குப் போட்டுத்தான் பார்த்திருக்கிறாள். வெயில் கட்டில் கிடந்த இடத்து வெளிறிய தரையில் ஏறி, சுவரில் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு மூலையில் இத்தனை காலம் அவள் கறை என்று நினைத்திருந்த சிவப்பில் நின்றது. அது ஒரு கொடி, பிரபு காலத்தில் சுவரில் வரைந்தது. மொட்டும் இலையுமாக, சுண்ணாம்புக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நாற்காலிகளை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள்.