காதுக்குப் போன கை

துறைத் தலைவர் சண்முகநாதனின் வலது கை, ஒரு வியாழக்கிழமை காலை, சொதியில் பிசைந்த இடியப்பத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் காதுக்குக் கொண்டுபோனது. மறுநாள் இடது கையும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. கையெழுத்துப் போட, கார் ஓட்ட, கொசு அடிக்க இரண்டும் குறைவில்லாமல் உதவின. உணவை எடுத்தால் மட்டும் நேரே காதுதான். கரண்டி கொடுத்துப் பார்த்தார்கள், பருப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது. டாக்டர்மார் தலையைப் படம் பிடித்து ஒரு குறையும் இல்லை என்றார்கள். காரணம் சஞ்சீவனியின் கோபம்.

சஞ்சீவனி அம்பிட்டியவிலிருந்து பஸ் பிடித்து வந்து, கண்டிக்குப் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்தில், சண்முகநாதனின் துறையில், சனிக்கிழமைகளில் தொழில்வழிச் சிகிச்சை படிப்பித்த பகுதிநேர விரிவுரையாளர். பாரிசவாதத்தில் விழுந்த கைக்குப் பொத்தான் போடவும் தலை வாரவும் சோறு பிசையவும் திரும்பப் பழக்குவதுதான் அந்தப் படிப்பு. நிரந்தரக்காரர்களுக்கு அறையும் அலுமாரியும் இருந்தன. அவளுக்கு நடைபாதையில் ஒரு கதிரை. ஏதாவது கூட்டம் என்றால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குறிப்பெழுதினாள். அவள் சொல்லித் தந்த முதல் பாடம், நோயாளிக்கு ஊட்டாதே, கையைக் கட்டிக்கொண்டு காத்திரு என்பது. நம் சனத்துக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது. பாசம் என்றாலே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் நாம்.

கண்டி நகரத்து மஹய்யாவவில் குடியிருந்த நல்லம்மா மாநகரசபையில் வீதி கூட்டியவள். வலப்பக்கம் விழுந்த பிறகு, மருமகள் லோஜினி ஊட்டிய சோற்றை அழுதுகொண்டே விழுங்கினாள். மாதக்கணக்காகச் சஞ்சீவனியின் வகுப்புக்கு நோயாளியாக வந்து, பிடி சோற்றை நெஞ்சு வரைக்கும், பிறகு தாடை வரைக்கும் தூக்கினாள். துறையைத் தரம் பார்க்க மதிப்பீட்டுக் குழு வந்த சனிக்கிழமை அது வாய்க்கே வந்துவிடும் போலிருந்தது. மாணவன் கிருஷாந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்லம்மாவின் கை நடுங்கியது, சோறு மடியில் சிந்தியது, குழுவில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சண்முகநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்ன பிள்ளையள், மனுசியைப் பட்டினி போடுறியளோ?" என்று தட்டைப் பறித்துத் தானே ஊட்டினார். குழு கைதட்டியது. படமும் எடுத்தார்கள். நல்லம்மாவின் கை மேசைக்குக் கீழே போய்விட்டது.

புதன்கிழமை பின்னேரம் சஞ்சீவனி மஹய்யாவவுக்குப் போனாள். நல்லம்மா இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். "பெரிய சேரே ஊட்டிட்டாரு மிஸ். அப்ப இந்தக் கை இனி வராதுன்னுதானே அர்த்தம்?"

சஞ்சீவனி எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள். வாய் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அவள் சாபம் எதுவும் போடவில்லை. அந்தத் தட்டையும் கைதட்டலையும் நினைத்து, பஸ்ஸில் வீடு வரைக்கும் கொதித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலைதான் இடியப்பம் வழி மாறியது.

மனைவி சுந்தரி ஊட்டி ஊட்டிக் களைத்த பிறகு, சண்முகநாதன் நடைபாதைக் கதிரையைத் தேடி வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மஹய்யாவவில் நல்லம்மாவின் வீட்டுக்கு வரும்படி சஞ்சீவனி சொன்னாள். வந்தார். லோஜினி சோறு போட்டாள். சோறு காதுக்குள்ளும் சம்பல் தலைமயிருக்குள்ளும் போயின. கூட வந்த சுந்தரி பதறிப்போய்த் தட்டுக்குக் கை நீட்டினாள்.

கட்டிலில் இருந்த நல்லம்மா அவர் தோளில் சிந்திய சோற்றைப் பார்த்தாள். "விடுங்கம்மா. யாரும் ஊட்டாதீங்க. அவரே சாப்பிடட்டும்" என்றவள், மருமகளைப் பார்த்து, "எனக்கும் ஒரு தட்டு வை" என்றாள்.

நல்லம்மாவின் கை நெஞ்சுக்கு வந்தது, தாடைக்கு வந்தது, நடுங்கி நின்றது. சஞ்சீவனி நகம் பதியும்படி தன் கைகளைக் கட்டிக்கொண்டாள். சோறு வாய்க்குள் போனது. யாரும் கைதட்டவில்லை. நல்லம்மா ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

சஞ்சீவனியின் கோபம் ஆறவில்லை. எதற்கு ஆறவேண்டும்? அவள் இன்னும் பகுதிநேரம்தான். சண்முகநாதன் சனிக்கிழமைகளில் அவள் வகுப்புக்கு நோயாளியாக வருகிறார். மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். அவர் கை காதை விட்டு இப்போது கன்னம் வரைக்கும் வந்திருக்கிறது. பல்கலைக்கழகமும் பழகிக்கொண்டது. கன்டீனில் அவருக்கு வலப்பக்கம் மட்டும் யாரும் உட்காருவதில்லை, குழம்பு தெறிக்கும்.