செவ்வாய்க்குப் போன பெயர்

ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பிரகாசத்துக்கு ஒரே மகள், ஞானகுமாரி. இதய வால்வு கெட்டுப்போன பிள்ளை. பள்ளிக்கூடம் நின்ற பிறகு, செய்தித்தாளில் வரும் நிலா, செவ்வாய்ப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

தொண்ணூற்றெட்டில், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மைத்துனன் பாஸ்கல் ஒரு சேதி கொண்டுவந்தான். செவ்வாயின் தென்துருவத்தில் இறங்கப்போகும் அமெரிக்க விண்கலத்தில், பிள்ளைகளின் பெயர்களைக் குறுந்தட்டில் பதித்து அனுப்புகிறார்களாம். இன்டர்நெட்டில் பெயர் கொடுத்தால் போதுமாம். படுத்திருந்த ஞானகுமாரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா ஜெயசீலிதான் ஒப்பவில்லை. நோயில் கிடக்கிற பிள்ளையின் பேரை ஆள் அரவமில்லாத இடத்துக்கு எதற்கு அனுப்புவது என்று ஒரே பிடியாக நின்றாள்.

பிரகாசம் அவளுக்குத் தெரியாமல் பெயரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மகளிடம் மட்டும் சொன்னார். கலம் கிளம்பிய சேதி வந்த அன்று, அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது போய்க்கொண்டிருக்கும்போதே, மறு வருஷம் ஆகஸ்டில், அவள் இறந்துபோனாள்.

அவர் டிசம்பருக்காகக் காத்திருந்தார். இறங்கும் நாள் வந்தது. கலத்திலிருந்து சத்தமே இல்லை. இன்று பேசும், நாளை பேசும் என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் ஏறிவிட்டன. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த பாஸ்கல் வாசலிலேயே நின்றான்.

"அவ்ளோதான் மாமா. இறங்கும்போதே உழுந்திருக்கும்னு சொல்றாங்க."

பிரகாசம் தண்ணீர்த் தொட்டியருகே குந்தி அழுதார். கல்லறைத் தோட்டத்தில்கூட அவர் அப்படி அழவில்லை. ஓடிவந்த ஜெயசீலியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏசப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல? நானும் காத்துகினு இருந்திருப்பேனே" என்றாள் அவள்.

பிறகு தன் தம்பி பாஸ்கலைப் பார்த்தாள்.

"ஒடஞ்சிருந்தாலும் அங்கதான கெடக்கும், பேரு?"

"அங்கதான்க்கா. வேற எங்க போவும்?"

"அங்க குளிருமா?"

பாஸ்கல் அதைப் பற்றியெல்லாம் படித்தவன்.

"தெரியலக்கா" என்றான்.

அவள் உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். சோறு வெந்து ஆறியது. சாப்பிட யாரும் உட்காரவில்லை.